'ஈக்வேட்': சமக்குறியைப் போடுவது யார்?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. ஒரு தலைவரின் பேச்சைப் பற்றிய செய்தியில் 'ஹி ஈக்வேட்டட் சைலன்ஸ் வித் கன்சென்ட்' என்று ஒரு வரி. 'மௌனத்தையும் சம்மதத்தையும் சமப்படுத்தினார்' என்று எழுதினேன். மூத்தவர் ஒருவர் அதை அடித்துவிட்டு 'ஒப்பிட்டார்' என்று திருத்தினார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஈக்வல், ஈக்வலைஸ், ஈக்வேட் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஈக்வேட் எங்கிருந்து வந்தது? அதன் பின்னால் 'வித்' வருமா, 'டு' வருமா? கடன் தவணையில் வரும் 'ஈக்வேட்டட்' இதே சொல்தானா?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. 'சமப்படுத்தினார்' என்றால் மேடுபள்ளத்தை மட்டமாக்கினார் என்று ஆகிறது. 'ஒப்பிட்டார்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை பார்த்தார் என்று ஆகிறது. அந்தத் தலைவர் இரண்டையும் செய்யவில்லை. மௌனம் என்றாலே சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டார். அந்த 'எடுத்துக்கொள்வது'தான் ஈக்வேட்.

மூன்று சொற்களையும் பிரிக்க இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மட்டம் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதை 'ஈக்வல்' செய்கிறது. அது ஒரு நிலை. அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. அதனால்தான் இந்த வினை பொதுவாகத் தொடர் நிகழ்காலத்தில் வருவதில்லை. 'டூ ப்ளஸ் டூ ஈக்வல்ஸ் ஃபோர்' என்பார்கள், 'இஸ் ஈக்வலிங்' என்று சொல்ல மாட்டார்கள். மட்டம் வேறுபட்ட தொட்டிகளை நடுவில் குழாய் போட்டு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அது 'ஈக்வலைஸ்'. இதில் பொருள் மாறுகிறது, தண்ணீர் உண்மையாகவே நகர்கிறது. தொட்டிகளைத் தொடாமல் தள்ளி நின்று 'அதுவும் இதுவும் ஒன்றுதான்' என்று ஒருவர் சொன்னால், அது 'ஈக்வேட்'. சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், அபத்தமாகவும் இருக்கலாம். தொட்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சமக்குறி விழுந்தது சொன்னவர் மனதில் மட்டும்.

தமிழில் 'சமன் செய்' என்ற ஒரே தொடர் இந்த மூன்றுக்கும் ஓடிவந்துவிடுகிறது என்பதுதான் சிக்கலின் வேர். சாதனையைச் சமன் செய்தார் என்றால் ஈக்வல். கடைசி நிமிடக் கோலால் ஆட்டத்தைச் சமன் செய்தார்கள் என்றால் ஈக்வலைஸ். இரண்டும் நல்ல தமிழ்தான். மூன்றாவதற்கும் அதையே இழுத்தால்தான் வாக்கியம் நொண்டுகிறது.

இனி பிறப்பு. லத்தீனில் 'அய்க்வுஸ்' என்றொரு பெயரடை உண்டு. மட்டமான, மேடுபள்ளம் இல்லாத என்று பொருள். நிலத்துக்கும் சொன்னார்கள், நடுநிலை தவறாத மனிதருக்கும் சொன்னார்கள். அதிலிருந்து 'அய்க்வாரே', மட்டமாக்கு என்ற வினை. அதன் செயப்பாட்டு எச்சம் 'அய்க்வாட்டுஸ்', அதாவது மட்டமாக்கப்பட்ட. ஆங்கிலம் இந்த எச்ச வடிவத்தைப் பிடுங்கி வினையாக்கிக்கொண்டது. கிரியேட், செபரேட் போல 'ஏட்' என்று முடியும் ஏராளமான ஆங்கில வினைகள் வந்த வழி இதுவே.

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இது தலைகாட்டும்போது 'ஒன்றென்று கருது' என்ற பொருளே கிடையாது. மருந்துச் சரக்குகளைச் சீராகப் பரவும்படி கலப்பது, ஆறும் புண்ணின் மேடு தோலோடு மட்டமாவது, இப்படிக் கைக்கு எட்டும் காரியங்களுக்குப் புழங்கியது. இவற்றோடு வானக் கணிதத்திலும். உண்மையில் ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஆகப் பழைய வேலை அதுதான். ஒரு கிரகம் சீரான வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டு முதலில் ஓர் இடத்தைக் கணிப்பார்கள். கிரகம் அப்படிச் சீராக ஓடுவதில்லை. ஆகவே ஒரு திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ உண்மையான இடத்துக்கு வருவார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பெயர் 'ஈக்வேஷன்', திருத்துவது 'ஈக்வேட்'. இதற்கென்றே தட்டும் நூலும் வைத்துச் செய்த கருவிக்கு 'ஈக்வட்டோரியம்' என்று பெயர். பஞ்சாங்கக் கணிதம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மத்தியமத்திலிருந்து (சீரான வேகத்தில் கணித்த இடம்) ஸ்புடத்துக்கு (உண்மையான இடம்) போக மந்தபலம் என்ற திருத்தத்தைச் சேர்ப்பார்களே, அதே கணக்கு.

அந்தப் பழைய பொருள் இன்றும் வானியலில் உயிரோடு இருக்கிறது. ஓர் உதாரணம் 'ஈக்வேஷன் ஆஃப் டைம்'. சூரியக் கடிகாரமும், அந்த ஊரின் சராசரிச் சூரிய நேரத்துக்கு வைத்த சுவர்க் கடிகாரமும் வருடத்தில் நான்கு நாட்களில்தான் ஒத்துப்போகும். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடத்துக்கும் சற்று அதிகமாக முந்தும். பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். அந்த வித்தியாசத்தைத்தான் அப்படி அழைக்கிறார்கள். இதைக் 'காலச் சமன்பாடு' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே சமன்பாடு எதுவும் இல்லை, இருப்பது திருத்தம். 'நேரத் திருத்தம்' என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.

'இரண்டையும் ஒன்றாகக் கருது' என்ற இன்றைய பொருள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. கையால் மட்டமாக்குவதில் தொடங்கி, கணக்கில் திருத்துவதாகி, தாளில் சமக்குறி போடுவதாகி, கடைசியில் மனதில் சமக்குறி போடுவதில் வந்து நின்றிருக்கிறது. அந்தக் குறியே தாமதமாக வந்ததுதான். 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் ஓர் இயற்கணித நூலில் இரண்டு இணைகோடுகளை முதன்முதலாக அச்சிட்டார். 'இஸ் ஈக்வல் டு' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்ததால் இப்படிச் செய்வதாகவும், இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்பதால் அவற்றைத் தேர்ந்ததாகவும் அங்கேயே காரணம் சொல்கிறார்.

ஈக்வேட்டுக்கு உறவான சொற்கள் பல. 'ஆட் அய்க்வாரே', அதாவது தேவையின் மட்டத்துக்குக் கொண்டுவருவது, 'ஆடிக்வேட்' ஆனது. ஈக்வேட்டுக்கு உடன்பிறந்தது என்று அதைச் சொல்லலாம். மட்டமில்லாதது, நேர்மையற்றது என்ற பொருளில் 'இனிக்விட்டி'. சமமான இரவு 'ஈக்வினாக்ஸ்'. பகலையும் இரவையும் சமமாக்கும் கோடு 'ஈக்வேட்டர்'. தமிழ் அங்கே வேறு வழியாகப் போனது. நாம் நடுவைப் பார்த்து நிலநடுக்கோடு என்றோம், அவர்கள் பகலிரவைப் பார்த்துச் சமமாக்கி என்றார்கள்.

தவணை பற்றிய கேள்வி நல்ல கேள்வி. இ.எம்.ஐ.யில் உள்ள முதல் எழுத்து ஈக்வேட்டட் என்பதன் சுருக்கம். ஆம், இதே சொல்தான், ஆனால் 'கருது' பொருளில் அல்ல, பழைய 'மட்டமாக்கு' பொருளில். கணக்கைப் போட்டால் தெளிவாகும். 1,00,000 கடன், மாதத்துக்கு 1% வட்டி, 12 மாதம். அசலை மட்டும் சமமாகப் பிரித்தால் மாதம் 8,333. அதற்கு மேல் வட்டி. முதல் மாதம் வட்டி 1,000, ஆகக் கட்ட வேண்டியது 9,333. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி மாதம் 8,417 ஆகிவிடும். மாதாமாதம் தொகை மாறும். இந்தச் சரிவை நிரவி 12 மாதமும் ஒரே தொகையாக்கினால் 8,885 வரும். முதல் மாதத் தவணையில் 1,000 வட்டி, 7,885 அசல். கடைசித் தவணையில் வட்டி சுமார் 88 மட்டுமே. உள்ளே வட்டியும் அசலும் இடம் மாறிக்கொண்டே இருக்க, வெளியே தொகை மட்டமாக நிற்கிறது. 'நிரவப்பட்ட மாதத் தவணை' என்பது சொல்லுக்குச் சொல் சரியான பெயர். புழக்கத்தில் உள்ள 'சமமான மாதத் தவணை'யும் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அசல் சமமாகக் குறைகிறது என்று பலர் நினைத்துக்கொள்வதற்கு அந்தச் 'சமமான'வும் ஒரு காரணம்.

வணிகக் கணிதத்தில் இதற்கும் பழைய ஒன்று உண்டு. வெவ்வேறு நாளில் கட்ட வேண்டிய கடன்களை ஒரே நாளில் கட்டினால் யாருக்கும் நட்டம் வராத நாள் எது என்று கண்டுபிடிப்பது. 2 மாதத்தில் 100, 6 மாதத்தில் 300 கட்ட வேண்டும் என்றால், 2-ஐ 100-ஆலும் 6-ஐ 300-ஆலும் பெருக்கிக் கூட்டி 400-ஆல் வகுக்க வேண்டும். விடை 5 மாதம். இதற்கு 'ஈக்வேஷன் ஆஃப் பேமென்ட்ஸ்' என்று பெயர். இங்கும் நிரவல்தான்.

கணித வகுப்பில் வரும் ஈக்வேட் வேறு. எக்ஸின் வர்க்கம் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6 என்பதை இரு காரணிகளின் பெருக்கலாக எழுதி, இரு பக்கக் கெழுக்களையும் 'ஈக்வேட்' செய்யச் சொல்வார்கள். காரணிகளில் உள்ள இரண்டு எண்களின் கூட்டல் 5, பெருக்கல் 6; ஆகவே 2, 3. இங்கே கெழுக்களை யாரும் மாற்றவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கோவை என்பதால் கெழுக்களும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று எழுதிக்காட்டுகிறோம். வகையிட்டுப் பூச்சியத்துக்கு ஈக்வேட் செய்யும்போதும் எதையும் மாற்றுவதில்லை, பூச்சியமாகும் இடம் எது என்று தேடவே சமக்குறி போடுகிறோம். 'சமப்படுத்துக' என்று பாடநூல் சொன்னால் கணிதத்துக்குள் அது போதும், அங்கே அனைவருக்கும் பொருள் தெரியும். வேதியியலில் மட்டும் கவனம்: அங்கே சமன்பாடு உண்டு, ஆனால் அதை ஈக்வேட் செய்ய மாட்டார்கள், 'பேலன்ஸ்' செய்வார்கள்.

நிரலாக்கத்தில் இச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. சி மொழியிலும் அதன் வழிவந்தவற்றிலும் ஒற்றைச் சமக்குறி மதிப்பை ஏற்றும், இரட்டைச் சமக்குறி சமமா என்று கேட்கும். 'எக்ஸை 5-க்கு ஈக்வேட் பண்ணு' என்றால் ஏற்றுவதா, கேட்பதா? சி மொழியில் இரட்டைக்குறி வேண்டிய நிபந்தனையில் ஒற்றைக்குறி விழுந்தால், எக்ஸில் 5 ஏறிவிடும், நிபந்தனையும் எப்போதும் உண்மை என்றே ஆகிவிடும். நிரல் ஓடும், விடை தவறும். 'அசைன்', 'கம்பேர்' என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது.

தேர்வு மதிப்பீட்டில் 'ஈக்வேட்டிங்' ஒரு தனித் துறைச்சொல். ஒரே தேர்வுக்கு இரண்டு வினாத்தாள்கள், ஒன்று சற்றுக் கடினம். எந்தத் தாள் கிடைத்தது என்பதால் யாரும் பாதிக்கப்படாமல் இருக்க, மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவார்கள். ஒரே திறமையுள்ள இரு குழுக்கள் எழுதி, ஒரு தாளின் சராசரி 62, மற்றதன் சராசரி 57 என்றால், எளிய முறையில் இரண்டாவது தாளுக்கு 5 கூட்டுவார்கள். மதிப்பெண்களின் பரவல் வேறுபட்டால் அதையும் கணக்கில் எடுக்கும் முறைகள் உண்டு. குழுக்களின் திறமையே வேறுபடலாம் என்றால், இரண்டு தாளிலும் பொதுவாகச் சில வினாக்களை வைத்து அவற்றைக் கொண்டு அளப்பார்கள். இதை 'மதிப்பெண் சமமாக்கல்' என்று மட்டும் எழுதினால், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட்டார்கள் என்று வாசகர் படிப்பார். 'வினாத்தாள்களின் கடின வேறுபாட்டை ஈடுசெய்து மதிப்பெண்களைத் திருத்தினார்கள்' என்று நீட்டி எழுதுங்கள். செய்தியில் நான்கு சொல் கூடினால் ஒன்றும் ஆகிவிடாது.

வித், டு விஷயத்துக்கு வருவோம். ஆள் ஒருவர் எழுவாயாக இருந்து, இரண்டு பொருள்களை ஒன்றென்று கருதினால் 'ஈக்வேட் ஏ வித் பி'. 'ஏ அண்ட் பி' என்றும் சொல்லலாம். இந்தப் பொருளில் 'டு' போடுபவர்கள் இருக்கிறார்கள், கவனமாக எழுதுபவர்கள் 'வித்'தை விரும்புவார்கள். ஆள் இல்லாமல் பொருளே எழுவாயாக நின்றால் 'ஈக்வேட்ஸ் டு', இத்தனைக்குச் சமமாகிறது, இதுவாக ஆகிறது என்று பொருள். 8 கிலோமீட்டர் ஏறக்குறைய 5 மைலுக்கு 'ஈக்வேட்ஸ் டு' என்பது போல, ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றிச் சொல்லுமிடத்தில் அது கச்சிதம். ஆனால் இப்போது எங்கெங்கும் 'இஸ்', 'மீன்ஸ்' போதுமான இடங்களிலெல்லாம் 'ஈக்வேட்ஸ் டு' ஏறி உட்கார்ந்திருக்கிறது. அறிக்கை எழுதுபவர்களுக்கு அதில் ஒரு கனம் தெரிகிறது போலும். மொழிபெயர்க்கும்போது அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை: 'அதாவது', 'ஆகிறது', 'என்று பொருள்' போதும். ஈக்வேட்டுக்குப் பின் 'ஆஸ்', 'ஃபார்', 'இன்டு' மூன்றும் பிழை.

எதிர்மறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்ச்சை கிளம்பியதும் பேசியவர் 'ஐ ஆம் நாட் ஈக்வேட்டிங் த டூ' என்பார். இதை 'நான் இரண்டையும் ஒப்பிடவில்லை' என்று எழுதினால் அவரைப் பொய்யராக்கிவிடுகிறோம். ஒப்பிட்டதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுப்பது ஒப்பீட்டை அல்ல. 'இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை' என்பதே சரி.

இன்னொன்று திசை. கணிதத்தில் சமக்குறிக்கு வலம் இடம் கிடையாது, புரட்டிப் போட்டாலும் அதுவே. பேச்சில் அப்படி இல்லை. விமர்சனத்தைத் துரோகத்தோடு ஈக்வேட் செய்தார் என்றால், விமர்சனம் துரோகத்தின் கனத்துக்கு ஏற்றப்படுகிறது. துரோகத்தை விமர்சனத்தோடு என்று புரட்டினால், துரோகம் வெறும் விமர்சனமாக இறக்கப்படுகிறது. ஒன்று குற்றச்சாட்டு, மற்றது சப்பைக்கட்டு. ஆகவே 'இரண்டையும் சமமாக வைத்தார்' என்று எழுதினால் திசை தொலைந்துபோகிறது. முதல் பெயருக்கு 'ஐ' உருபு, இரண்டாவதற்கு 'என்றே' என்று வைத்துக்கொண்டால் தமிழில் திசை தானாக நிற்கும்: 'விமர்சனத்தைத் துரோகம் என்றே கருதுகிறார்'.

மாற்றுச் சொற்களில் 'நிகராக வைத்தார்' என்பதில் புகழ்ச்சி வாடை உண்டு, உயர்ந்ததோடு வைக்கும்போது மட்டும் பொருந்தும். 'ஈடாக' என்றால் இழப்புக்குப் பதில் என்ற நிழல் விழும். 'இணையாக' பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் ஓடுவதைச் சொல்கிறதே தவிர ஒன்றாகிப்போவதைச் சொல்லவில்லை. 'ஒன்றாகவே பார்க்கிறார்', 'ஒன்றே என்கிறார்', 'என்றே எடுத்துக்கொள்கிறார்' ஆகியவைதான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

பெயர்ச்சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரு தலைவர்களுக்கிடையே 'குட் ஈக்வேஷன்' என்றால் நல்ல உறவு. 'நல்ல சமன்பாடு' என்று எழுதினால் கரும்பலகைதான் கண்முன் வரும். 'பிரிங் இன்டு த ஈக்வேஷன்' என்றால் கணக்கில் சேர்ப்பது.

உச்சரிப்பு: ஈக்வலில் அழுத்தம் முதல் அசையில், ஈக்வேட்டில் இரண்டாவதில். முதல் உயிர் 'இ' என்று குறுகியும் வரும், 'ஈ' என்று நீண்டும் வரும், இரண்டும் ஏற்கப்பட்டவை. ஈக்வேஷனின் கடைசி அசையில் 'நேஷன்' ஒலி அல்ல, 'விஷன்' ஒலி பரவலானது.

உங்கள் வாக்கியத்துக்கு 'மௌனம் என்றாலே சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டு பேசினார்' என்று எழுதுங்கள். 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்ற வழக்கை அங்கே நுழைத்துவிடாதீர்கள். அறிகுறி வேறு, அதுவே வேறு. காய்ச்சல் நோய்க்கு அறிகுறி என்பதால் காய்ச்சலே நோய் ஆகிவிடாது. அனுப்புவதற்கு முன் மூலப் பேச்சைக் கேட்க முடிந்தால் கேளுங்கள். தலைவர் 'யாரும் மறுக்கவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்கிறேன்' என்று அந்த ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால், சமக்குறியைப் போட்டவர் அவர் அல்ல, ஆங்கிலச் செய்தியாளர். அப்படியானால் ஈக்வேட்டை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தையே மேற்கோளாகப் போடுங்கள்.